மேஜை மேல் ஒரு மிக்

1963-ல் வந்த மிக்-21-க்கு விமானப்படை 2025 செப்டம்பரில் விடை கொடுத்ததும் நான் ஒன்று வாங்கினேன். பயப்படாதீர்கள், பிளாஸ்டிக்! 72-ல் ஒரு பங்கு சைஸ். சுமார் 20 சென்டிமீட்டர். விலையை மனைவியிடம் சொல்லவில்லை.

இலுப்பூரில் கைக்குக் கிடைத்த சூப்பர் குளூவால் பைலட் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை ஒட்டினேன். விடிந்து பார்த்தால் மூடி முழுக்க வெள்ளைப் படலம். அந்தப் பசையின் ஆவி செய்கிற வேலையாம். கண்ணாடிக்கு ஃபெவிகால்தான் லாயக்கு; லேட்டாகத் தெரிந்தது.

எதிர்வீட்டுப் பெரியவர் மிக்-21 மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்காகத்தான் செய்தேன். தயங்கியபடி நீட்டினேன். வேட்டி நுனியால் மூடியைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை.

"விடுங்க தம்பி, விடியக்காலைப் பனியில இப்படித்தான் நிக்கும். நாங்கதான் துடைப்போம்."