தமிழ் படிக்கத் தெரியாதவர் போடும் மதிப்பெண்

‘நல்ல முதல்வர் அமைந்தால் ஆசிரியர்கள் நன்றாக வேலை செய்வார்கள்.’ எந்தக் கருத்தரங்கில் சொன்னாலும் கைதட்டு உறுதி. நான் கேட்பது வேற. சிங்கப்பூரில் ஒரு தமிழாசிரியர் நன்றாக வேலை செய்கிறார் என்பது அவருடைய முதல்வருக்கு எப்படித் தெரியும்?

பல பள்ளிகளில் தமிழாசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். சீனம், மலாய், தமிழ் மூன்றும் தாய்மொழித் துறை என்ற ஒரே கூரையின் கீழ். துறைத் தலைவர் பெரும்பாலும் சீன ஆசிரியர். நல்லவராகவே இருக்கட்டும். பிள்ளை எழுதிய கட்டுரையையும் ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்பையும் அவரால் படிக்க முடியாது. அப்போ எதைப் பார்த்து எடைபோடுவார்? கண்ணுக்குத் தெரிவதைத்தான். தீபாவளிக் கொண்டாட்டம், ஏப்ரலில் தமிழ்மொழி மாத நிகழ்ச்சி, இணைப்பாட நடவடிக்கை, குழுப்பணி. வீட்டில் ஒரு வார்த்தை தமிழ் கேட்காத பிள்ளை ஆண்டு முடிவில் மூன்று வாக்கியம் தயங்காமல் பேசினால், அது எந்தப் படிவத்தில் ஏறும்?

ஒன்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வருடம் மதிப்பீட்டுச் சந்திப்பில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, பள்ளி நுழைவாயிலில் இருந்த ரங்கோலிக்கு. தேக்காவில் வண்ணப்பொடி வாங்கி வந்தது மட்டும்தான் நான். கோலம் போட்டதெல்லாம் பெற்றோர்கள்!

இன்னொரு வேடிக்கை. 1992இல் உயர்நிலைப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கினார்கள். அது தவறென்று உணர்ந்து, 2012இல் அதன் மிச்சத்தையும் கைவிட்டார்கள். 2019இலிருந்து பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது கிடையாது. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் ‘டி ஸ்கோர்’ போயிற்று. பிள்ளையைப் பிள்ளையோடு ஒப்பிடாதே என்று நாடே கற்றுக்கொண்டது. ஆசிரியரை ஆசிரியரோடு ஒப்பிட்டு ஏ, பி, சி என்று தரம் பிரித்து, போனஸை அதில் கட்டிவைக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. பக்கத்து மேசைக்காரர் போட்டியாளர் என்றால், என் பாடக்குறிப்பை அவரோடு ஏன் பகிர்ந்துகொள்ள வேண்டும்?

அளக்காவிட்டால் சோம்பேறிகள் தப்பிவிடுவார்கள் என்பார்கள். 2018இல் நடந்த ‘டாலிஸ்’ அனைத்துலக ஆய்வைப் பாருங்கள். சிங்கப்பூர் ஆசிரியர் வாரத்துக்குச் சுமார் 46 மணி நேரம் வேலை பார்த்தார். வகுப்பில் நின்று கற்பித்தது அதில் சுமார் 18 மணி நேரம்தான். மீதியில் திருத்தமும் தயாரிப்பும் போக எஞ்சுவது கூட்டம், படிவம், நிகழ்ச்சி. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் பெருமளவு முதல்வர் கையில். முதல்வரின் நிர்வாகத் திறன் என்று ஒன்று இருந்தால் அதை அங்கேதான் தேட வேண்டும்: இந்த வருடம் எதைச் செய்ய வேண்டாம் என்று அவர் சொன்னார்?

தமிழ் மதிப்பீட்டுக்கு வழி இல்லாமலும் இல்லை. சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. தமிழில் முதன்மை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளிக்கு வந்து, பத்துப் பிள்ளைகளின் கட்டுரை ஏட்டைப் புரட்டி, ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முதல்வருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கட்டும். அந்தப் பக்கம் இல்லாமல் எந்தத் தமிழாசிரியருக்கும் தரம் போடக்கூடாது என்று கல்வி அமைச்சு ஒரு வரி உத்தரவு போட்டால் போதும்.