ஐந்து மார்க் இனப்படுகொலை

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் ஹிட்லர் 60 லட்சம் யூதர்களைக் கொன்றதை எல்லோரும் படித்தோம். உட்தலைப்பு போட்டு எழுதினால் ஐந்து மார்க். அத்தோடு மறந்தும் போனோம். நான் படிப்பது பி.காம். ஜர்னலில் ஒரு தொகையை எழுதினால் அது எதற்காக என்று அடியில் ஒரு வரி எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் மார்க் குறையும். 60 லட்சம் உயிருக்கு அந்த ஒரு வரியைக்கூட எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் 2021-ல் ஒரு சட்டம் போட்டது. மே 18-ல் முடியும் ஏழு நாட்கள் அங்கே தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரம். எதிர்த்து வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. நமக்கோ முள்ளிவாய்க்கால் தேர்தல் மேடையில் மட்டும் கேட்கிற பெயர். இத்தனைக்கும் பக்கத்தில் கங்கைகொண்டானிலேயே ஈழத் தமிழர் முகாம் இருக்கிறது.

"சின்னப் பிள்ளைகளிடம் போய் இதையெல்லாம் சொல்வார்களா?" என்பார்கள். பிணங்களின் படத்தைக் காட்டச் சொல்லவில்லையே! 2009-ல் கடைசி நாட்களில் அந்த மக்கள் உயிர் பிழைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சியில். ஒவ்வொரு மே மாதமும் அதைக் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2024-ல் மூதூர்ப் பக்கம் அதற்காகக் கைதும் செய்தார்கள். ஒரு வாய்க் கஞ்சிக்கு அரசாங்கம் ஏன் பயப்படுகிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். கேட்கட்டும்.

ஆனால் பாதிக் கதை சொல்லக்கூடாது. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை, சுமார் 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்கள் பேசியதும் தமிழ்தான். பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற வீட்டுப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் முஸ்லிம் பிள்ளைகள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இதை விழுங்கிவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் அது பாடமா, பிரச்சாரமா?

வார்த்தையிலும் கவனம் வேண்டும். ஓர் இனத்தையோ அதன் ஒரு பகுதியையோ அழிக்கும் நோக்கம் இருந்தால்தான் இனப்படுகொலை என்கிறது 1948-ன் ஐ.நா. உடன்படிக்கை. இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற 2011 ஐ.நா. நிபுணர் குழு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வடமாகாண சபை 2015-ல் தீர்மானம் போட்டே சொன்னது. இரண்டையும் வைத்துப் பிள்ளைகளை விவாதிக்க விடலாம்.

எப்போது நடத்துவது? மே 18 நமக்குக் கோடை விடுமுறை. ஜூலை 23 பள்ளிக்கூடம் உண்டு. 1983-ல் அதே தேதியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் கொல்லப்பட, அதைச் சாக்காக வைத்துக் கொழும்பில் தமிழர்களை வேட்டையாடினார்கள். 1999-ல் அதே தேதியில் நம் திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீஸ் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்ட, தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. இது இனப்படுகொலை இல்லைதான். ஆனால் நாம் குளிக்கிற ஆறு. பத்தமடையிலிருந்து பஸ் ஏறினால் ஒன்பதாம் வகுப்பை ஒரு மணி நேரத்தில் கொக்கிரகுளம் கரையில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம்.