வாழையடி வாழை: மனனம் மட்டும் போதுமா?



‘வாழையடி வாழை’ என்னும் மரபுத்தொடரின் பொருளை நம் மாணவர்கள் பிழையின்றி ஒப்புவிக்கிறார்கள். அத்தொடர் எவ்வாறு பிறந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். தேக்கா சந்தையில் விற்கும் இலையையும் பழத்தையும் அன்றி, வாழை வளர்வதை அவர்களுள் பலர் கண்டதில்லை.

அத்தொடரின் பொருளைக் குளிர்நாட்டு வாழை நன்கு விளக்குகிறது. சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19.4 பாகை செல்சியஸ்தான். அது 1934 சனவரியில் பதிவானது. எனவே இங்கு வாழைக்குக் குளிரால் கேடில்லை. உறைபனி விழும் நாடுகளிலோ வாழையிலை கருகிவிடும். ஆயினும் பிரிட்டனில் ‘மூசா பாஸ்ஜூ’ என்னும் வாழையை வீட்டுத் தோட்டத்தில் திறந்தவெளியிலேயே வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் தண்டைச் சுற்றி வைக்கோல் கட்டி, அடிமண்ணைச் சருகால் மூடுகிறார்கள். மேற்பகுதி மடிந்தாலும் இளவேனிலில் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது.

காரணம் எளிது. நாம் காணும் ‘மரம்’ இலைமடல்களின் அடுக்கே. வாழையின் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் உள்ளது. நம் ஊர் வாழையும் ஒருமுறை குலை தள்ளியதும் மடிகிறது. அதே கிழங்கிலிருந்து கன்று எழுகிறது. இதுவே வாழையடி வாழை!

ஆகவே, பள்ளித் தோட்டத்தில் ஒரு வாழைக்கன்று நடுவோம். அடுக்குமாடியில் வாழும் பெற்றோர் பிள்ளைகளை அருகிலுள்ள சமூகத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லலாம். கன்று, குருத்து, மடல், தார், சீப்பு ஆகிய சொற்களைக் கண்ணால் கண்டு கற்கட்டும். தேர்வுக்காக மட்டும் கற்ற சொல் தேர்வோடு உதிர்ந்துவிடும்; கண்டு கற்ற சொல்லே அடுத்த தலைமுறைக்குச் செல்லும்.