பாட்டி பக்கத்துல நிக்கிறது யாரு?

போகிக்கு முதல் நாள் பரணைச் சுத்தம் பண்ணும்போதுதான் அந்த டிரங்க் பெட்டி கிடைச்சது. உள்ளே பாட்டியோட பழைய பட்டுப்புடவை. அதோட மடிப்புக்குள்ள கெட்டி அட்டையில் ஒட்டின ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ.

நாற்காலியில் தாத்தா. பக்கத்துல நின்னுட்டு பாட்டி. ஸ்டூல்ல பெரியப்பா, ரெண்டு வயசு இருக்கும். ஓரமா, ரெட்டைச் சடையோட ஒரு பொண்ணு. அப்பாகிட்ட கேட்டேன், தெரியலைன்னார். அத்தைக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ‘யாரோ சொந்தக்காரங்களா இருக்கும்’னு பதில் வந்தது.

பாட்டிக்கு இப்போ 84 வயசு. கண்ணாடியைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

“என் நாத்தனார்டா. உங்க தாத்தாவோட ஒரே தங்கச்சி. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஒரு போட்டோ வேணும்னு தாம்பரத்துக்கு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனோம். வந்ததுதான் வந்தோம், எல்லாரும் சேர்ந்து ஒண்ணு எடுத்துக்கலாம்னு தாத்தா சொன்னார். கல்யாணமாகி முதல் பிரசவத்துலயே போயிட்டா. அதுக்கப்புறம் தாத்தாவால இதைப் பார்க்க முடியலை. நான்தான் எடுத்து உள்ளே வெச்சேன்.”

எங்க வீட்டுல இப்படி ஒருத்தங்க வாழ்ந்தாங்கன்னு எனக்கு 24 வயசுலதான் தெரியுது. அப்பாவுக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சது.

இந்தப் பெட்டி பரண்ல இருந்ததால தப்பிச்சது. 2015 டிசம்பர் வெள்ளத்துல ராஜகீழ்ப்பாக்கத்துல எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. பீரோவோட கீழ்த்தட்டுல இருந்த கல்யாண ஆல்பங்கள் எல்லாம் ஊறிப்போச்சு. நாங்க பண்ணின தப்பு, அதையெல்லாம் வெயில்ல காய வெச்சு, அப்புறம் பிய்ச்சு எடுத்தது. முகங்கள் அடுத்த போட்டோவோட முதுகுல ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. நனைஞ்ச போட்டோக்களை ஒட்டிக் காயவே விடக் கூடாது. ஈரமா இருக்கும்போதே சுத்தமான தண்ணில போட்டு மெதுவா பிரிச்சு, படம் மேல பார்க்கிற மாதிரி நிழல்ல உலர்த்தணுமாம். இது எனக்குப் பிறகுதான் தெரிஞ்சது.

வீட்டு போட்டோக்களை வரலாறா பார்க்கிறவங்களும் இருக்காங்க. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல மானுடவியலாளர் ஜோயி ஹெட்லியும் அவரோட குழுவும், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களோட படங்களைத் தேடி டிஜிட்டல் பண்ணியிருக்காங்க. அதுக்கு பிரிட்டிஷ் நூலகத்தோட, அழியும் நிலையில் இருக்கிற ஆவணங்களுக்கான திட்டம் உதவுச்சு. அனுஷா யாதவ் 2010-ல் தொடங்கின ‘இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்’ இணையதளமும் இப்படித்தான். ஒரு குடும்ப போட்டோ, அதுக்குப் பின்னாடி இருக்கிற கதை. எழுதுறது அந்த வீட்டு மனுஷங்களேதான்.

நம்ம வீட்டுல இதைச் செய்ய செல்போன் போதும். ஜன்னல் பக்கம், நேரடி வெயில் படாத வெளிச்சத்துல வெச்சு, ஃபிளாஷ் இல்லாம நேர் மேலே இருந்து எடுங்க. ஃப்ரேம் கண்ணாடியில ஒட்டிக்கிட்ட படத்தைப் பிய்க்காதீங்க, கண்ணாடியோடயே எடுத்துடலாம். பின்பக்கத்தையும் அட்டையையும் மறக்காம எடுங்க. ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பேர் எழுதணும்னா பேனா வேண்டாம். மென்மையான பென்சிலால ஓரத்துல, அழுத்தாம எழுதுங்க.

முக்கியமானது, பெரியவங்க பேசும்போது போன்ல வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணிடுங்க. ‘இது யாரு?’னு மட்டும் கேட்டா பேரோட முடிஞ்சிடும். ‘அன்னிக்கு எதுக்கு போட்டோ எடுத்தீங்க?’னு கேளுங்க. பாட்டி எங்ககிட்ட 40 நிமிஷம் பேசினது அந்தக் கேள்விக்குத்தான்.

அதே பெட்டியில் இன்னொரு போட்டோவும் இருந்தது. காக்கி யூனிஃபார்ம்ல ஒருத்தர், தாத்தா தோள்மேல கை போட்டு நிக்கிறார். பாட்டி திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. “தெரியலையேப்பா... தாத்தா இருந்தா சொல்லியிருப்பார்.”

தாத்தா போய் ஆறு வருஷம் ஆச்சு. அவர்கூட ஒரே வீட்டுல 18 வருஷம் இருந்திருக்கேன். ஒருநாள்கூட கேட்கத் தோணலை.

ரெட்டைச் சடை போட்ட அந்தச் சின்னப் பாட்டி இப்போ எங்க ஹால்ல, தாத்தா படத்துக்குப் பக்கத்துல இருக்காங்க. பின்னாடி பென்சில்ல அவங்க பேரை எழுதினது பாட்டிதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டு ஆல்பத்தை எடுத்துட்டு, பாட்டி பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காருங்களேன்.