லைக் என்னும் மொய்

"முதல்ல ஃபேஸ்புக்ல ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்க, அப்புறம் நாவல் எழுது." புத்தகக் கண்காட்சி டீக்கடையில் ஒரு மூத்தவர் என் நண்பனுக்குச் சொன்ன அறிவுரை. அவன் கேட்டான். இரண்டு வருஷம் தினமும் பதிவு போட்டான், எல்லார் பதிவிலும் போய்ப் பேசினான், பிறகு நாவலும் எழுதினான். தஞ்சைப் பக்கத்துக் கதை. ஓர் அத்தியாயத்தைப் பதிவாகப் போட்டபோது நூற்றுக்கு மேல் கமெண்ட். "மண் வாசம் அண்ணா", "கண்ணு கலங்கிருச்சு தோழர்". நானும் ஒரு ஹார்ட் போட்டேன்.

அந்த அத்தியாயத்தில் தை மாதம் குறுவை அறுக்கிறார்கள்.

புத்தகம் வந்தபின், மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமனார் அதைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ள, தையில அறுத்தா அது சம்பால்ல? குறுவை ஐப்பசிக்குள்ள வீடு வந்துருமே?" நாங்கள் நூறு பேர் படித்திருந்தோம். படித்திருந்தோமா?

எழுத்தாளர் வாசகரோடு பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பழைய பண்ணையார்த்தனம். சில நூறு பிரதி அச்சடிக்கும் பதிப்பகம் விளம்பரமா கொடுக்கப்போகிறது? தன் புத்தகத்தைப் பற்றித் தானேதான் பேசியாகணும். என் சண்டை வேறு. நாம் செய்வது உரையாடலே இல்லை, மொய். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று நோட்டில் எழுதுவார்கள். அடுத்த முறை கொஞ்சம் கூட்டித் திருப்பி வைக்கணும். அங்கேயாவது அந்தப் பணத்தில் கடன் அடையும், கடை வைக்கலாம். நம் நோட்டில் லைக் மட்டும்தான். பிழை சொல்கிறவன், மொய் வைக்காமல் சாப்பிட்டுப் போனவன்.

ஃபீடை வரிசைப்படுத்தும் நிரல் இதற்கு எண்ணெய் ஊற்றுகிறது. அதை எழுதும் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: லைக், கமெண்ட், ஷேர், ஸ்க்ரோல் நின்ற நேரம், இதையெல்லாம் எண்ணலாம். மூன்று நாள் கழித்து ஒரு வரி உறுத்துவதை எண்ண வழியில்லை. எனவே உடனே கை தட்ட வைக்கிற வரிதான் மேலே வரும். அதைப் பார்த்துப் பழகிய கை, நாவலிலும் பத்திக்கு ஒரு கைதட்டல் வரி எழுதும்.

ஆண்டி வியர் என்ற புரோகிராமரை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கிய முகவர்கள் ஏற்கெனவே கைவிட்டவர். 'தி மார்ஷியன்' நாவலை 2011 வாக்கில் தன் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். வேதியியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளை எழுதிச் சொன்னார்கள், திருத்தினார். கிண்டிலில் வேண்டும் என்று கேட்டதும் அவர்கள்தான். 99 சென்ட்டுக்குப் போட்டார். அச்சுப் பதிப்பும் 2015இல் வந்த படமும் பிறகு. அவருக்கும் கூட்டம் சேர்ந்தது, ஆனால் பிரதியைச் சுற்றி.

நம்மூரிலும் இல்லாமலில்லை. ஜெயமோகனோடு எனக்கு ஆயிரம் முரண்பாடு. ஆனால் 2014 ஜனவரி முதல் 2020 வரை அவர் தளத்தில் 'வெண்முரசு' வந்தபோது, வாசகர்கள் ஒரு பாத்திரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார்கள். அதில் துதியும் இருந்தது, சரி. ஆனால் படிக்காமல் அப்படி ஒரு கடிதம் எழுத முடியாது. ஹார்ட் போடப் படிக்கவே வேண்டாம்.

நண்பனுக்கு போன் போட்டுக் குறுவை விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அன்னைக்கே கமெண்ட்ல சொல்லியிருக்கலாம்லடா?" என்றான். எனக்கே தெரியாதுடா என்றேன். "தெரியாம எதுக்குடா ஹார்ட் போட்ட?"

அதற்கு முந்தின வாரம்தான் என் கட்டுரைக்கு அவன் ஒன்று போட்டிருந்தான்.