ஒரு ஜாடி ஒயினுக்கு ஒரு மதுவிலக்குச் சட்டம்!

எங்க ஊர் விருத்தாசலம். பீங்கான் ஊர். ஃப்யூஸ் கேரியர்ல இருந்து பொம்மை வரைக்கும் இங்க சூளையில வேகும். சித்திரை மாசம் வந்தா நாங்களும் வேகுவோம் :-) இந்த வெயில்ல உக்காந்துக்கிட்டு நான் பொறாமைப்படுறது இங்கிலாந்து வீட்டுத் தோட்டக்காரங்களைப் பார்த்து!

அங்க திராட்சை பழுக்கிறதே பெரும்பாடு. தெற்குப் பார்த்த சுவரா பார்த்துக் கொடியைப் படர விடுறாங்க. பகல்ல சுவர் வாங்கின சூட்டை ராத்திரி கொடிக்குக் கொடுக்கும். சீக்கிரம் பழுக்கிற ரகமா தேடி நடுறாங்க. அப்பவும் பழத்துல இனிப்பு பத்தாம, சாறுல சர்க்கரை சேர்த்துத்தான் ஒயின் போடணும். இவ்வளவு பாடுபட்டு வீட்டுக்குன்னு போட்டா, லைசென்ஸும் இல்லை, வரியும் இல்லை. விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது. அவ்வளவுதான். அமெரிக்காவுல ரெண்டு பெரியவங்க இருக்கிற வீடு வருஷத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 750 லிட்டர் வரைக்கும் போட்டுக்கலாம்.

இப்ப நம்ம கதை. குளிர் நாட்டுல கொடி இலையை உதிர்த்துட்டுத் தூங்கிடும். வருஷத்துக்கு ஒரு அறுவடைதான். நம்ம கம்பம் பள்ளத்தாக்குல கொடிக்குத் தூக்கமே இல்லை. கவாத்து பண்ணப் பண்ண வருஷம் முழுக்கப் பழம். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. ஒயினுக்கும் ஏத்த பழம். ஆனா மொட்டை மாடியில கொடி வளர்த்து ஒரு ஜாடி ஒயின் போட்டா, 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி நீங்க குற்றவாளி!

அதே அரசாங்கம்தான் 2003-ல இருந்து டாஸ்மாக்ல சில்லறை வியாபாரம் பண்ணுது. கடையையும் தானே வெச்சுக்கிட்டு, அடுத்தவன் வீட்டு ஜாடியையும் மூடச் சொன்னா, பி.காம். புத்தகத்துல அதுக்குப் பேர் மதுவிலக்கு இல்லை சாமி, ஏகபோகம்.

"கள்ளக்குறிச்சி மறந்து போச்சா?"ன்னு கேப்பீங்க. மறக்கலை. எங்களுக்குப் பக்கத்து மாவட்டம். 2024 ஜூன்ல 60 பேருக்கு மேல செத்தாங்க. ஆனா அவங்களைக் கொன்னது சாராயத்துல கலந்த மெத்தனால். திராட்சைச் சாறு புளிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலா மாத்துது. மெத்தனால் உண்டாகிறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். விஷத்தை வித்தவனையும் ஜாடியில பழம் போட்டவனையும் ஒரே கூண்டுல நிறுத்தினா, போலீஸ் யாரைத் தேடி ஓடும்? சுலபமா மாட்டுறவனைத்தான்.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணுமில்லை. 21 வயசு ஆனவங்க, வீட்டுக்கு ஒரு அளவு, விற்பனை கூடாது, வடிக்கவே கூடாது. மீறினா தாராளமா உள்ள தள்ளுங்க. இந்த நாலு வரியைச் சட்டத்துல சேர்க்க எதுக்கு இவ்வளவு பயம்? குடி பெருகிடும்னா? அந்தக் கவலையை முதல்ல நம்ம தெருமுனைக் கடையில போய்ப் படுங்க!

டிஸ்கி: நான் குடிக்கிறதில்லை. சட்டம் மாறுற வரைக்கும் யாரும் ஜாடியைத் தேட வேணாம். கொடி மட்டும் வளர்க்கலாம், அதுக்கு இன்னும் தடை இல்லை!