ஆறு ஆரக்கால்



தேர் என்றதும் வடம் பிடித்து இழுக்கும் கோயில் தேர்தான் உங்கள் நினைவுக்கு வரும். இந்த வாரம் நாம் பேசப் போவதோ உள்ளங்கையில் அடங்கிவிடும் தேரைப் பற்றி! இரண்டு குதிரை பூட்டிய பழங்காலப் போர்த்தேர். அதில் நிற்கும் வீரனின் உயரம் சுமார் 28 மில்லிமீட்டர். உங்கள் கட்டைவிரலின் மேல் கணு அளவுதான்.

இங்கிலாந்திலும் வேறு பல நாடுகளிலும் இந்தப் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டி, மேஜை மேல் அணிவகுத்து, பகடை உருட்டிப் பழைய போர்களை விளையாடிப் பார்க்கிறார்கள். சிறுவர்கள் மட்டுமல்ல, தாத்தாக்களும்தான்!

"பிள்ளைகள் கையில் போர் விளையாட்டா?" என்று உங்கள் அம்மா கேட்கலாம். நியாயமான கேள்வி. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் பொம்மைப் போர் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக வெளியிட்டார். நிஜப் போரைவிட இந்தக் குட்டிப் போர் எவ்வளவோ மேல் என்று அதிலேயே வாதாடினார். பாவம், மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டுவிட்டது.

பகடை உருட்டி ஜெயிப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. அதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் எனக்குப் பிடித்தது. ஏன் தெரியுமா? தூரிகையைத் தொடும் முன்பே கேள்விகள் வந்துவிடும்!

கி.மு. 1274 வாக்கில் நடந்த காதேஷ் போரை எடுத்துக்கொள்வோம். எகிப்து மன்னர் இரண்டாம் ராமசேஸும் ஹிட்டைட் மன்னர் முவத்தல்லியும் மோதிய போர் அது. எகிப்தியத் தேரில் எத்தனை பேர்? இருவர்: தேரோட்டி, வில்லாளி. ஹிட்டைட் தேரிலோ மூவர். எகிப்தியக் கோயில் சுவர்களில் அப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். சக்கரத்துக்கு எத்தனை ஆரக்கால்? 1922-ல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் ஆறு தேர்கள் பிரித்துப் போடப்பட்ட நிலையில் இருந்தன. அந்தச் சக்கரங்களில் ஆறு ஆரக்கால்கள். அச்சு நடுவில் இல்லை. நிற்கும் தட்டின் பின்பக்கம் இருந்தது. வேகமாகத் திரும்பும்போது தேர் நிலை தடுமாறாமல் இருக்க அது உதவியது.

இனி வேலையைத் தொடங்கலாம். வார்ப்பில் ஒட்டியிருக்கும் பிசிறை அரத்தால் தேய்த்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். பிறகு ஒரே நிறத்தில் முதல் பூச்சு. குதிரை, தேர், வீரர்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வர்ணம் தீட்டிய பிறகுதான் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒட்டிவிட்டால் தேரின் உட்புறத்துக்குத் தூரிகை போகாது. கடிவாள வாருக்கு மெல்லிய நூல் போதும்.

கடைசியில் அடித்தட்டு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எகிப்து என்றாலே பாலைவனம் என்று நினைத்து மஞ்சள் மணலைக் கொட்டிவிடுவார்கள். போர் நடந்ததோ இன்றைய சிரியாவில், ஓரண்டெஸ் ஆற்றங்கரையில்! எனவே, பசை தடவி மணல் தூவி, காய்ந்ததும் மண்ணின் பழுப்பு நிறம் பூச வேண்டும். அதன் மேல், ஏறக்குறைய வர்ணம் உலர்ந்த தூரிகையால் வெளிர் நிறத்தை லேசாகத் தேய்த்தால், மேடான மணல் மட்டும் பளிச்சென்று தெரியும். அங்கங்கே பச்சைப் புல்லும் வேண்டும். பின்னால் இரண்டு சக்கரத் தடம் கீறினால் தேர் ஓடுவது போலவே இருக்கும்.

இன்னொரு சங்கதி. கோயில் சுவர்களில் ராமசேஸ் தனியாளாக நின்று எதிரிகளை விரட்டியதாகப் பெருமை பேசியிருக்கிறார். ஆனால், காதேஷ் நகரம் அவர் வசமாகவில்லை. சுமார் 15 ஆண்டுகள் கழித்து இரு நாடுகளும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் களிமண் பலகை இன்றும் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேஜைப் போர் ஆடுகிறவர்கள் இந்தப் பகுதிக்கு வருவதே இல்லை என்பதுதான் என் மனக்குறை.

இந்தப் பொம்மைகள் நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. பரவாயில்லை. அட்டை, நூல், மருந்து நீக்கிய தீக்குச்சிகள் போதும். விடுமுறையில் ஒரு தேர் செய்து பாருங்கள். அச்சு பின்னால்; ஆரக்கால் ஆறு. மறந்துவிடாதீர்கள்!